அரைச் சம்பளத்தில் படித்த பையன்

கணக்கில் கொஞ்சம் கெட்டியான பிள்ளை வகுப்பில் இருந்தால், முதுகில் தட்டிக் கொடுத்து வாத்தியார் சொல்கிற பெயர் ஒன்று உண்டு. அதுதான் ராமானுஜன். அவர் சீமைக்குப் போனதும், அங்கே பெரிய பேராசிரியர்கள் எல்லாம் அவருடைய கணக்கைப் பார்த்து மலைத்துப் போனதும் நமக்குத் தெரிந்த கதை. இந்த வாரம் நாம் அந்தக் கதையைச் சொல்லப் போவதில்லை. அதற்கு முந்திய கதையை, கும்பகோணத்தில் ஒரு சாதாரண ஹைஸ்கூலுக்கு அவர் நடந்து போய்ப் படித்துவிட்டு வந்த கதையைச் சொல்லப் போகிறோம். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்துவிட்டு, ரிங்லெட்டுக்கும் தானா ராத்தாவுக்கும் காலைக் குளிரில் பஸ் ஏறுகிற பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் இதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

ராமானுஜன் பிறந்தது 1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ம் தேதி. தாய் வீடு ஈரோட்டில் இருந்ததால் பிரசவம் அங்கே நடந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1885-ல்தான் வில்லியம் கேமரன் என்ற வெள்ளைக்காரர் நம் மலைப் பக்கம் அளக்க வந்தார். அப்போது இங்கே தேயிலை ஏது, லயம் ஏது? எல்லாம் காடு. போ தோட்டம் திறந்தது 1929-ல். அதற்குள் ராமானுஜன் செத்து ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. ஆனால் அவர் பள்ளிக்கூடம் போன அந்தக் காலத்தில், கும்பகோணத்தைச் சுற்றியிருந்த தஞ்சாவூர்ச் சீமைக் கிராமங்களிலிருந்து நம் பாட்டன் பூட்டன்மார் பலர் நாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். பினாங்கில் இறங்கி, கரும்புத் தோட்டத்துக்கும் காப்பித் தோட்டத்துக்கும், பிறகு ரப்பருக்கும் போனார்கள். அதே மண், அதே காவேரித் தண்ணீர்தான்.

தகப்பனார் சீனிவாச அய்யங்கார் ஒரு சேலைக் கடையில் கணக்கு எழுதும் குமாஸ்தா. மாசம் 20 ரூபாய் சம்பளம். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனைக் கூட்டத்தோடு பாடி ஐந்தோ பத்தோ கொண்டு வருவார். சாரங்கபாணி சன்னதித் தெருவில் சின்ன வீடு. வருமானம் போதாமல், ஊருக்குப் படிக்க வந்த காலேஜ் பையன்களை வீட்டில் தங்க வைத்துச் சாப்பாடு போட்டார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டு ஏழ்மை வேறு, நம் லயத்து ஏழ்மை வேறு. கோயில் தெருவில் பிறந்த பிராமணப் பிள்ளைக்குக் கையில் காசு இல்லாவிட்டாலும் எழுத்து இருந்தது. பள்ளிக்கூட வாசல் திறந்திருந்தது. அதே ஊரைச் சுற்றி வயலில் கூலிக்கு நாற்று நட்டவன் பிள்ளைக்கு அந்த வாசல் அநேகமாக மூடித்தான் கிடந்தது. நம் பாட்டன்மார் ஏன் கைநாட்டு வைத்துக் கப்பல் ஏறினார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். இதைத் தெரிந்துகொண்டே ராமானுஜனைக் கொண்டாடலாம். அவர் பட்ட கஷ்டமும் பொய் இல்லை.

சின்ன வயதில் அவர் பள்ளிக்கூடம் மாறின கதையைக் கேட்டால், தோட்டம் விட்டுத் தோட்டம் மாறுகிற நம் பிள்ளைகள் ஞாபகம் வரும். மூன்று வயது வரை பேச்சே வரவில்லையாம். 1892-ல் திண்ணைப் பள்ளியில் சேர்த்தார்கள். பிறகு தாத்தா வேலை பார்த்த காஞ்சிபுரத்தில் தெலுங்கில் பாடம் சொல்லும் பள்ளியில் கொஞ்ச நாள். அப்புறம் சென்னையில் கொஞ்ச நாள். சென்னைப் பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. போகமாட்டேன் என்று அடம் பிடித்ததால், பயம் காட்டி வகுப்புக்கு அனுப்ப ஒரு போலீஸ்காரரைப் பிடித்தார்களாம்! கடைசியில் கும்பகோணத்துக்கே திரும்பி வந்து, காங்கேயன் தொடக்கப் பள்ளியில் நிலைத்தார்.

அங்கே ஒரு முறை கணக்கில் 45-க்கு 42 வாங்கினார். கூடப் படித்த நண்பன் 43 வாங்கிவிட்டான். அந்த ஒரு மார்க்குக்காக அழுது, நண்பனோடு பேசவே மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டார் என்பார்கள். பிள்ளைகள் மார்க்கை எவ்வளவு பெரிசாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பது பெரியவர்களுக்கு எப்போதும் விளங்குவதில்லை.

1897 நவம்பரில் தொடக்கப் பள்ளிப் பரீட்சை. தமிழ், இங்கிலீஷ், கணக்கு, பூகோளம் எல்லாவற்றிலும் எழுதி, தஞ்சாவூர் ஜில்லாவுக்கே முதலாவதாக வந்தார். பத்து வயதுகூட நிறையவில்லை. இந்த முதலிடம் அவருக்கு ஒரு பெரிய உபகாரம் செய்தது. டவுன் ஹைஸ்கூலில் முதல் பாரத்தில் அரைச் சம்பளத்தில் சேர்த்துக்கொண்டார்கள். சம்பளம் என்றால் நம் மக்களுக்குத் துரை கொடுக்கிறதுதான் ஞாபகம் வரும். அந்தக் காலத்தில் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குக் கட்டுகிற பணத்துக்கும் சம்பளம் என்றுதான் பெயர். அதில் பாதி கட்டினால் போதும் என்று விட்டார்கள். 20 ரூபாய் குமாஸ்தா வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

டவுன் ஹைஸ்கூல் 1864-ல் ஆரம்பித்தது. ராமானுஜன் வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரம். 1898-ல் சேர்ந்து, அங்கேயே ஆறு வருஷம் படித்தார். பாடம் நடந்தது இங்கிலீஷில். வீட்டில் தமிழ், கோயிலில் பாசுரம், வகுப்பில் இங்கிலீஷ். தமிழ்ப் பள்ளியில் ஆறு வருஷம் இருந்துவிட்டு மலாய் மொழியில் எல்லாப் பாடமும் கேட்கப் போகிற நம் பிள்ளைக்கு இது புதிதாகத் தோன்றாது.

வகுப்பில் அவர் எப்படி இருந்தார்? தடித்த உடம்பு. ஓடியாடுகிற விளையாட்டில் நாட்டம் இல்லை. யாரோடாவது சண்டை வந்தால் மேலே விழுந்தாலே போதும், எதிராளி நசுங்கிப் போவான் என்று வேடிக்கையாகச் சொல்வார்களாம். தாயார் வெளியே அதிகம் விடமாட்டார். தெருவில் நிற்கும் நண்பர்களோடு ஜன்னல் வழியாகப் பேசுவார். ஆனால் கணக்கு என்று வந்துவிட்டால் அந்த வீட்டுத் திண்ணைக்கு மேல் வகுப்புப் பையன்கள்கூடத் தேடிக்கொண்டு வருவார்கள். சொல்லிக் கொடுப்பதில் அவருக்குச் சலிப்பு இல்லை.

ஒரு நாள் வாத்தியார் வகுத்தல் நடத்திக்கொண்டிருந்தார். எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று வரும். மூன்று பழத்தை மூன்று பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஒன்று என்று விளக்கினார். ராமானுஜன் எழுந்து, பழமே இல்லாமல், ஆளும் இல்லாமல் பங்கிட்டால் அப்போதும் ஆளுக்கு ஒன்று வருமா என்று கேட்டாராம். சைபரைச் சைபரால் வகுப்பது பற்றிய கேள்வி அது. வாத்தியார் என்ன பதில் சொன்னார் என்பது கதையில் இல்லை! குறும்புக் கேள்வி மாதிரி தெரியும். ஆனால் பெரிய பெரிய கணக்குப் புத்தகங்கள் நின்று யோசிக்கிற இடம் அது.

இன்னொரு நாள் மேல் வகுப்பு மாணவர் ஒருவர் சோதிக்க நினைத்து ஒரு கணக்குப் போட்டார். இரண்டு எண்கள் இருக்கின்றன. முதல் எண்ணின் வர்க்கமூலத்தோடு இரண்டாவது எண்ணைக் கூட்டினால் 7. முதல் எண்ணோடு இரண்டாவதன் வர்க்கமூலத்தைக் கூட்டினால் 11. அந்த எண்கள் எவை? நாலாம் பாரத்துப் பையன் போடுகிற கணக்கே இல்லை. ராமானுஜன் அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டார். விடையை நாம் இங்கே உடைக்கப் போவதில்லை. இன்று ராத்திரி இடைநிலைப் பள்ளிக்குப் போகிற பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். ஒன்றிலிருந்து பத்துக்குள்தான் இரண்டும் அடங்குகின்றன.

வீட்டில் தங்கின காலேஜ் பையன்கள் இருவர். ஒருவர் திருநெல்வேலிப் பக்கம், ஒருவர் திருச்சிப் பக்கம். அவர்களிடமிருந்த கணக்கை எல்லாம் ராமானுஜன் கொஞ்ச நாளில் கறந்துவிட்டார். பிறகு லோனி என்பவர் எழுதிய திரிகோண கணிதப் புத்தகத்தை இரவல் வாங்கிப் படித்தார். காலேஜ் பாடத்துக்கான புத்தகம் அது. பதிமூன்று வயதில் முழுக்கக் கரைத்துக் குடித்தார். சோற்றுக்கு வழி செய்ய அந்தத் தாய் செய்த ஏற்பாடு, பிள்ளைக்குப் புத்தகமும் வாத்தியாரும் கொண்டு வந்து சேர்த்தது.

இந்த வயதில் ஒரு சம்பவம். தாமாகவே யோசித்து ஒரு பெரிய கணக்கு உண்மையைக் கண்டுபிடித்தார். சைன், கொசைன் என்று பிள்ளைகள் படிக்கிறார்களே, அவற்றை முடிவில்லாமல் நீளும் கூட்டலாக எழுதுகிற வித்தை. ரொம்ப சந்தோஷம். ஆனால் ஆய்லர் என்ற ஐரோப்பியர் ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே அதைச் சொல்லிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. வெட்கப்பட்டுப் போய், எழுதின தாள்களை வீட்டுக் கூரையில் செருகி ஒளித்துவிட்டார். அவர் வெட்கப்பட்டிருக்க வேண்டியதில்லை என்றுதான் நாம் நினைக்கிறோம். சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமல் அதுவரை நடந்துபோன பையனை யார் குறை சொல்வார்கள்?

இனி அந்தப் பள்ளிக்கூடம் செய்த காரியத்துக்கு வருவோம். கணபதி சுப்பையர் என்று மூத்த கணக்கு வாத்தியார் இருந்தார். பள்ளியில் 1,200 மாணவர், ஏறத்தாழ 35 வாத்தியார். எந்த வகுப்புக்கு எந்த வாத்தியார், எந்த நேரம் என்று அட்டவணை போடுகிற வேலை அவர் தலையில். காலைப் பெரட்டில் நாற்பது ஐம்பது பேரை மலைக்கு மலை பிரித்து அனுப்பவே கங்காணி திணறுகிற நாள் உண்டல்லவா? இது அதைப்போல எத்தனையோ மடங்கு சிக்கல். அந்த வேலையை வாத்தியார் யாரிடம் கொடுத்தார் தெரியுமா? மாணவனாக இருந்த ராமானுஜனிடம்! பையனும் செய்து கொடுத்தார்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கெட்டிக்காரப் பையன் பாடத்தை முன்னாலேயே முடித்துவிட்டு வகுப்பில் சும்மா உட்கார்ந்திருப்பான். சும்மா இருக்கிறவனைத் திமிர் பிடித்தவன் என்று ஒதுக்கித் தள்ளுகிற வாத்தியாரும் உண்டு. கணபதி சுப்பையர் அப்படிச் செய்யாமல், அந்த மூளைக்குத் தகுந்த தீனி போட்டார். பரீட்சையில் கணக்குத் தாளைப் பாதி நேரத்தில் முடித்துவிட்டு எழுந்து போவார் ராமானுஜன். அதற்கும் யாரும் கோபிக்கவில்லை.

தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி அய்யர் கண்டிப்பான மனிதர். 1904-ல் பரிசளிப்பு விழா நடந்தது. கணக்குக்கான ரங்கநாத ராவ் பரிசை ராமானுஜனுக்குக் கொடுக்கும்போது, முழு மார்க்குக்கு மேலே மார்க் போட முடியுமானால் இந்தப் பையனுக்குப் போடலாம் என்கிற அர்த்தத்தில் சபையில் பேசினார். கண்டிப்பான ஆள் வாயிலிருந்து வந்த வார்த்தை என்பதால் அதற்கு மதிப்பு அதிகம்.

அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. 1903-ல் காலேஜ் நண்பர் மூலம் கார் என்பவர் தொகுத்த ஒரு கணக்குப் புத்தகம் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான சூத்திரங்களை வரிசையாக அடுக்கியிருக்கும். விளக்கம் ரொம்பக் கொஞ்சம். ராமானுஜன் அதில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொன்றையும் தாமே நிரூபித்துப் பார்ப்பதும், அதற்கு மேல் புதிதாகக் கட்டுவதுமாக ராப்பகல் போயிற்று. மெட்ரிகுலேஷன் தேறி, 1904-ல் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்தார். ஆனால் இங்கிலீஷ், சரித்திரம் எதிலும் புத்தி செல்லவில்லை. வகுப்பில் மற்றப் பாடம் நடக்கும்போது அவர் கணக்கே போட்டுக்கொண்டிருந்தார்.

இங்கிலீஷ் கட்டுரைத் தாளில் தோற்றார். உபகாரச் சம்பளம் போயிற்று. அது இல்லாவிட்டால் ஒரு தவணைக்கு 32 ரூபாய் கட்ட வேண்டும். தகப்பனார் ஒன்றரை மாசம் உழைக்கிற காசு. கோமளத்தம்மாள் சும்மா இருக்கவில்லை. பிரின்ஸிபாலைப் போய்ப் பார்த்தார். கணக்கில் தன் மகனுக்கு ஈடு யாராவது உண்டா, அவனுக்கா உபகாரச் சம்பளம் இல்லை என்று வாதாடினார். பிரின்ஸிபால் மரியாதையாகப் பேசினார், ஆனால் அசையவில்லை. சட்டம் சட்டம்தான், பையன் இங்கிலீஷில் தேறவில்லை என்று சொல்லிவிட்டார்.

ஆபீஸ் வாசலில் மேசைக்கு முன்னால் நின்று பிள்ளைக்காகப் பேசின தாய்மார் நம் தோட்டங்களிலும் உண்டு. அந்த நிலை எப்படி என்று அவர்களுக்குத் தெரியும்.

பிரின்ஸிபால் செய்தது தப்பு என்று நாம் அடித்துச் சொல்லமாட்டோம். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான். ராமானுஜன் பேரிலும் குறை இருக்கிறது. மற்றப் பாடத்தைத் திரும்பிப் பார்க்காமல் விட்டார். நம் நாட்டில் எஸ்.பி.எம். பரீட்சையில் மற்றதெல்லாம் ஏ வாங்கினாலும் மலாய் மொழி தேறாவிட்டால் சான்றிதழ் இல்லை. 2013 முதல் சரித்திரமும் அப்படித்தான். எனவே ஒரு பாடத்தில் புலி, மற்றதில் எலி என்று பிள்ளையை விட்டுவிடக் கூடாது. ஆனால் டவுன் ஹைஸ்கூலுக்கும் கல்லூரிக்கும் ஒரு வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. ஹைஸ்கூலில் அவரை அறிந்த வாத்தியார் இருந்தார். பையன் ஒரு பக்கமாகச் சாய்கிறான் என்று கண்டு பிடித்து நிறுத்துகிற ஆள் கல்லூரியில் இல்லாமல் போயிற்று.

அடுத்து நடந்ததை நீட்டாமல் சொல்கிறோம். 1905 ஆகஸ்டில், பதினேழு வயதில், வீட்டில் சொல்லாமல் ரயிலேறி விசாகப்பட்டினம் போய்விட்டார். பையனைக் காணோம் என்று பத்திரிகையில் செய்தி வரும் அளவுக்கு ஆயிற்று. திரும்பி வந்து 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே உடற்கூறு பாடம் காலை வாரிவிட்டது. தவளையை அறுக்கிற பாடம், சைவக் குடும்பத்துப் பிள்ளை. வயிற்றுக்கடுப்பும் வந்து படுத்தியது. 1906-லும் தோல்வி, 1907-லும் தோல்வி. பட்டம் இல்லை, வேலை இல்லை. திண்ணையில் பலகையை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார். தாள் வாங்கக் காசு இல்லாததால் போட்டதை முழங்கையால் அழித்துவிட்டு, விடையை மட்டும் நோட்டில் எழுதுவார். முழங்கை கறுத்துப் போயிற்று.

1909-ல் ஜானகி அம்மாளைக் கல்யாணம் செய்தார்கள். சோறு போட வேண்டுமே என்று வேலை தேடி அலைந்தார். நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவ் சொந்தக் காசில் மாசம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் குமாஸ்தா வேலை கிடைத்தது. அதே 1912-ல்தான் இங்கே மலாயாவில், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கிற தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்கச் சொல்லித் தொழிலாளர் சட்டம் வந்தது. ஆட்டுக் கொட்டகை மாதிரி இடத்தில், கிராணியும் கங்காணியும் வாத்தியாராக இருந்த பள்ளிகள்தான் பலவும். ஆனாலும் ஆரம்பம் அதுதான்.

1913 ஜனவரியில் ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதன் பிறகு கதவு திறந்தது. பட்டம் இல்லாதவருக்கே சென்னைப் பல்கலைக்கழகம் மாசம் 75 ரூபாய் உதவி கொடுத்தது. 1914 மார்ச் 17-ம் தேதி கப்பலேறினார். உலகப் போர் காலம், குளிர், சைவச் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு, தனிமை. 1916-ல் கேம்பிரிட்ஜ் பட்டம் கிடைத்தது. 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். அதே வருஷம் டிரினிட்டி கல்லூரியில் பெல்லோ ஆன முதல் இந்தியர் என்ற பெருமையும் வந்தது. உடம்பு மட்டும் ஒத்துழைக்கவில்லை. அப்போது காசநோய் என்றார்கள். ஈரலில் சீதபேதிக் கிருமி தங்கிய நோயாக இருக்கலாம் என்று பிற்கால மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். 1919 மார்ச்சில் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ம் தேதி சென்னை சேத்துப்பட்டில் உயிர் பிரிந்தது. வயது 32.

ஊர் திரும்புவதற்குச் சில வாரம் முன்னால், இங்கிலாந்தில் நோயாளியாக இருந்தபோது, சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு வருஷம் 250 பவுன் கொடுக்க முடிவு செய்தது. 1919 ஜனவரி 11-ம் தேதி ராமானுஜன் அங்கே பதிவாளருக்குப் பதில் எழுதினார். நன்றி சொல்லிவிட்டு, இது தம் தேவைக்கு மேற்பட்ட பணம் என்றார். அதில் வருஷம் 50 பவுன் தாய் தகப்பனுக்குப் போகட்டும், தம் அவசியச் செலவு போக மீதம் இருப்பதைப் படிப்புக் காரியத்துக்குச் செலவழியுங்கள் என்று கேட்டுக்கொண்டார். எந்தக் காரியம் என்பதையும் விவரமாகச் சொல்லியிருந்தார்: ஏழைப் பிள்ளைகளுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் பள்ளிச் சம்பளத்தைக் குறைப்பது, பள்ளிக்கூடங்களுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுப்பது.